மகனுக்கு: ஏழாவது கேள்வியைப் பற்றி

நேற்று நீ அனுப்பிய படிவத்தைப் படித்தேன். "தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கம்மா, வேற ஒண்ணும் மாத்த வேணாம்" என்று கூடவே ஒரு குரல்பதிவும் வைத்திருந்தாய். மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. ஓரிடத்தில் 'பிள்ளைகள் வருகிறது' என்றிருந்தது. திருத்தி அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஏழாவது கேள்விக்கு வந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். 'இன்று மதியம் சாப்பிட்டீர்களா? ஆம் / இல்லை.' அந்தக் கேள்வியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அதை எழுதியது நான்தான். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் பிரதியாகிப் பிரதியாகி, கடைசியில் உனக்கு உதவி செய்கிறவர்களின் கைக்குப் போய், அங்கிருந்து உன் வகுப்புக்கு வந்திருக்கிறது. எட்டாவது கேள்வியும் என்னுடையதே. ஒரு சொல்கூட மாறவில்லை.

வருகிற வியாழக்கிழமை ஹல்துமுல்லைக்குக் கீழே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் உன் சமையல் வகுப்பு தொடங்குகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் காம்பராவை வெள்ளையடித்து வைத்திருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெரிய பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே சமைக்கப் பழகுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள் என்கிறாய். இதற்காக ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்தாய். "என்னம்மா நினைக்கிறீங்க?" என்று நீ கேட்டபோது "உன் இஷ்டம்" என்றேன். நம் வீட்டில் 'உன் இஷ்டம்' என்றால் என்ன பொருள் என்பது உனக்கும் தெரியும், அதனால் நீயும் மேலே கேட்கவில்லை. ஆனால் நீ நினைத்ததுபோல, சம்பளமுள்ள வேலையை விட்டுவிட்டாயே என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த வகுப்பை ஏன் தொடங்குகிறாய் என்று யார் கேட்டாலும் நீ ஹாலிஎலக் கதையைச் சொல்கிறாய். பதினைந்து வயதில் அங்கே ஒரு சமையல் வகுப்புக்குப் போனதையும், அதுதான் உன்னைக் காப்பாற்றியது என்பதையும், பிறகு வெளிநாட்டு உதவி நின்றுபோனதால் அது மூடப்பட்டதையும் சொல்கிறாய். முதல் இரண்டும் சரி. மூன்றாவது சரியில்லை. உதவி தானாக நிற்கவில்லை. என்னுடைய அறிக்கையைப் படித்துவிட்டு நிறுத்தினார்கள்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று நான் எழுதியதைப் பலர் படித்தார்கள். அதைத் திருத்துவதும் பலர் படிக்கும்படி இருப்பதுதான் முறை என்று படுகிறது, அதனால் உனக்கு அனுப்பும் இதையே வெளியிலும் பிரசுரிக்கக் கொடுக்கிறேன். தவிரவும், படிவம் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். அவர்களும் படிக்கட்டும்.

அப்பா போன வருடத்தைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. மாரடைப்பு, பதுளை ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. பிறகு நான் வேலைக்குப் போனேன், நீ பள்ளிக்கூடம் போனாய். வெளியிலிருந்து பார்த்தவர்கள் நான் தைரியசாலி என்றார்கள். உண்மையில் நான் சமைப்பதை நிறுத்தியிருந்தேன். நிறுத்துவது என்று முடிவு செய்து நிறுத்தவில்லை. காலையில் பேக்கரியில் பாண் வாங்கி மேசைமேல் வைப்பேன். சில நாள் கடைப் பருப்புக்கறி இருக்கும், சில நாள் இருக்காது. அடுப்படிக்குப் போனால் அப்பாவின் தேநீர்க் குவளை கண்ணில் படும் என்பது ஒரு காரணம். அந்தக் குவளையை எடுத்து அலுமாரியில் வைக்க அரை நிமிடம் ஆகும், அதையும் நான் செய்யவில்லை. நீ சாதாரணதரப் பரீட்சைக்கு இருந்தாய். கணக்கு வராது. செவ்வாயும் வியாழனும் டியூஷன் என்று ஏற்பாடு செய்தேன். வியாழக்கிழமைகளில் நான் வேலை முடிந்து வரும்போது மேசைமேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். போஞ்சிக் கறி, முட்டைக்கோவா வறை, ஒரு முறை பலாக்கொட்டை. "ஜீவாவோட அம்மா குடுத்துவிட்டாங்க" என்பாய். உன்னோடு படித்த ஜீவாவின் அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். நின்றபடியே சாப்பிடுவேன். டப்பாவைக் கழுவி வைப்பேன். அந்த மாதங்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டது வியாழக்கிழமைகளில் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஹாலிஎல வேலை வந்தது. சமூகவியல் படித்த, தமிழில் அறிக்கை எழுதத் தெரிந்த, தோட்டத்தில் பிறந்த பெண் வேண்டுமென்றால் பதுளையில் அப்போது என்னிடம்தான் வருவார்கள். ஒரு தோட்டத்தில் பெரிய பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு நடக்கிறது, அது அவர்களுடைய உடலுக்கும் மனதுக்கும் நன்மை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இப்படியான திட்டங்களில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் அதிகம் இல்லை. வரிசை வீடுகளான லயத்தில் ஒழுகும் கூரையை மாற்றாமல், தாய்க்கு ஒழுங்கான கூலி கொடுக்காமல், பிள்ளைக்குப் பருப்பு வேகவைக்கச் சொல்லிக் கொடுத்து மனநலம் வளர்ப்பது என்ன கணக்கு என்று கேட்கிறவள் நான். அந்த எண்ணத்தோடுதான் போனேன். அது தப்பில்லை. எண்ணம் இருந்தாலும் கண்ணைத் திறந்து பார்க்கலாம்.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. நீ போனது வியாழக்கிழமைகளில். செவ்வாய் டியூஷனுக்கு நீ நிஜமாகவே போனாய் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதனால் அன்று நாம் சந்திக்கவில்லை. பாடசாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஃபாரூக் நானா. உனக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளை பஜாரில் முப்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு, கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தவர். கட்டம் போட்ட சாரம், காதில் ஒரு பென்சில், கையில் நீளக் கரண்டி. ஒரு பெண்பிள்ளை எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டது. நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடிமேல் வைத்துக்கொண்டேன்.

அன்று ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும். ஒரு பையன் தட்டிய ரொட்டியைப் பார்த்து அந்தப் பெண் கேட்டது: "இது என்னடா, ரொட்டியா இல்ல ஒங்க தோட்டத்து ரோடா? இவ்ளோ குழி?" அவன் விடவில்லை: "ஒனக்கென்ன, ஒன்னோட ரொட்டி வட்டமா இருக்கும். பல்லுதான் ஒடையும்." நானா எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "உப்புப் பாரு, புள்ள." கரண்டியிலிருந்து உள்ளங்கையில் கறியை விடுவார். உப்புப் பார்க்க ஒரு துளி போதும். அவர் கை நிறைய விட்டார், இரண்டு கிழங்குத் துண்டுகளோடு. அந்த ரோட்டு ரொட்டிப் பையன் நக்கிவிட்டு, "நல்லாருக்கு நானா" என்றான்.

"நல்லாருக்குண்டு மாமியாருக்குச் சொல்லு. எனக்கு உப்புக் கூடவா குறையவாண்டு சொல்லு."

"சரியாதான் இருக்கு."

"பொய். நான் இன்னும் உப்பே போடல. போ, போய் வெங்காயம் உரி."

"நேத்தே வீட்டுல அழுது முடிச்சிட்டேன் நானா, இன்னிக்குக் கண்ணுல தண்ணி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் போய் வெங்காயத்தின் முன் உட்கார்ந்தான். உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது என்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. "வேரை மொதல்ல வெட்டாத, கண்ணெரியும்" என்று பக்கத்துப் பிள்ளை சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து வேறொருவன் வந்து அவன் பங்கு வெங்காயத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். நான் நோட்டில் எழுதினேன்: 'நேரத்தில் பாதி அரட்டையில் போகிறது.' அதற்குக் கீழே: 'ஒரே கறிக்கு அத்தனை பிள்ளைகளும் பல முறை உப்புப் பார்க்கிறார்கள். வீண்.' அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வகுப்பு முடியும்போது நானா எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். "மிஸ், ஒரு ரொட்டி சாப்பிடுங்க." நான் சொன்னேன்: "இல்ல நானா, இப்பதான் சாப்பிட்டேன்." காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "அப்ப உப்பாவது பாருங்க" என்று கரண்டியை நீட்டினார். "எனக்குப் பிரஷர், உப்பு ஆகாது" என்றேன். எனக்குப் பிரஷர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். நானா கரண்டியைத் தாழ்த்திக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த விதம் அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது லயத்தில். எங்கள் அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மரியாதை, யார் வீட்டுக்குப் போனாலும், யார் கேட்டாலும், 'சாப்பிட்டாச்சு' என்று சொல்வதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும் சாப்பிட்டாச்சு. டவுனில் கடைக்காரர் கேட்டாலும் சாப்பிட்டாச்சு. இல்லை என்று சொன்னால் கேட்டவரிடம் கை நீட்டியதாக ஆகும். அதைவிட, விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டில் ரொட்டி தட்டி வைத்துவிட்டுப் போன அம்மாவை ஊர்முன் விட்டுக்கொடுத்ததாக ஆகும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். அதே நான், பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு வந்து, அதே தோட்டப் பிள்ளைகளிடம், அச்சடித்த தாளில், 'இன்று மதியம் சாப்பிட்டீர்களா?' என்று கேட்டேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டிருந்தால் தெரியாமல் கேட்டார் எனலாம். எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

படிவங்களை ஒரு வியாழக்கிழமை வகுப்பில் நிரப்பி வாங்கி, மறுநாள் உறையில் போட்டு என் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்று நானே சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏழாவது கேள்விக்கு எல்லாத் தாள்களிலும் 'ஆம்'. பத்தாவதோ பதினோராவதோ தாளை எடுத்தபோது, எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்து, வரிகளின் மேல் மை இழுபட்டிருந்தது. இடக்கைக்காரன் எழுதினால் எழுதிய வரிமேல் கை நகர்ந்து மை இழுபடும். உன் கொப்பிகளில் பத்து வருடம் அதைப் பார்த்துத் திட்டியவள் நான். முதலில் வேறொரு இடக்கைப் பிள்ளை என்று நினைத்தேன். பிறகு உன் 'ம'வைப் பார்த்தேன். டியூஷனில் இருக்க வேண்டிய நீ அங்கே இருந்திருக்கிறாய்.

இன்று மதியம் சாப்பிட்டீர்களா? ஆம் என்று எழுதியிருந்தாய். அந்த வியாழக்கிழமை நீ சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே காஸ் தீர்ந்திருந்தது. காலையில் பாண் வாங்கவும் மறந்துபோய் ஓடினேன். வீட்டில் ஒன்றும் இல்லை. எட்டாவது கேள்வி, 'மனதுக்குக் கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்?' நீ 'அம்மாவிடம்' என்று எழுதியிருந்தாய். ஐந்து மாதமாக நீ என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்டிருக்கவும் இல்லை.

மாணவர்களுக்கு ஆய்வு முறை சொல்லிக்கொடுத்தவள் நான். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். அன்று சந்தேகப்படக்கூடத் தேவையிருக்கவில்லை. அந்தப் பதில்கள் பொய் என்பதற்கான சாட்சி என் கையிலேயே, என் மகனின் கையெழுத்தில் இருந்தது. உறையைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். என் மகன் இந்த வகுப்பில் இருக்கிறான், நான் இதை எழுத முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது அந்த ஒரு தாளையாவது தனியே வைத்திருக்க வேண்டும். ஆனால் உன் 'ஆம்' பொய் என்று எழுதினால், என் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் அதையும் மற்ற 'ஆம்'களோடு சேர்த்துவிட்டேன்.

அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கோபமும் இருந்தது. கணக்கு டியூஷனுக்கு என்று போன பிள்ளை எங்கோ ஒரு கொட்டகையில் வெங்காயம் உரிக்கிறான் என்ற கோபம். அதற்குக் கீழே இன்னொன்று. என்னோடு வாய் திறக்காத நீ அங்கே சிரித்திருப்பாய். நான் போன செவ்வாயன்று மற்றப் பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்திருந்தேன். அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. அறிக்கையின் கடைசி வாக்கியத்தை உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எழுதினேன். 'உணவுத் தேவையையோ மனநலத் தேவையையோ அடிப்படையாகக் கொண்டு இவ்வகுப்பைத் தொடர்வதற்குப் போதிய காரணம் காணப்படவில்லை.' நல்ல தமிழ். பிழையில்லாத வாக்கியம்.

சில வாரங்களில் வகுப்பு நின்றது. நீ பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நானா இனி வரமாட்டாராம்" என்றாய். எந்த நானா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்பதை நீயும் கவனிக்கவில்லை. "சரி, இனியாவது கணக்கைப் பார்" என்றேன். அடுத்த வியாழக்கிழமை மேசைமேல் டப்பா இல்லை. நான் இரண்டையும் சேர்த்து யோசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

போன தீபாவளிக்கு முன், உனக்குச் சட்டை எடுக்கப் பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். சட்டைகளை விரித்துப் போட்ட பெண், "மிஸ், என்னைத் தெரியலியா? ஹாலிஎல கிளாஸுல ஒங்களுக்கு நாற்காலி போட்டேனே" என்றது. சசிகலா. ரோட்டு ரொட்டி என்று கேலி செய்த அதே பிள்ளை. அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு இந்தக் கடைக்கு வந்ததாம். அம்மா அப்போதே குவைத்தில், வீட்டு வேலைக்கு. வகுப்பு நின்றதால்தான் படிப்பு நின்றதா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல ஏலாது மிஸ். எப்படியும் நின்னிருக்கும். ஆனா அந்தக் கிளாஸுக்குப் போறதுக்காகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டிருந்தேன்" என்றது. இதை நான் அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அன்னிக்கு அந்தத் தாள்ல, மதியம் சாப்பிட்டேன்னு எழுதினியா?"

சசிகலா சிரித்துவிட்டது. "எல்லாருந்தான் எழுதினோம். பின்ன இல்லன்னா எழுதுவாங்க? எங்கம்மா அங்க கெடந்து கஷ்டப்படுது, நான் பட்டினின்னு பேப்பர்ல எழுதிக் குடுக்கவா?"

"உண்மையில?"

"செவ்வாயும் வியாழனும் சாப்பிட்டோம் மிஸ். உப்புப் பாத்தே வயிறு நெறஞ்சிரும். அடுப்புல கொதிக்கிறப்ப ஒருக்கா, எறக்குறப்ப ஒருக்கா, எறக்கி வச்ச பொறகு ஒருக்கா. அதுக்கப்புறந்தான் சாப்பாடு. வேணாம், சாப்பிட்டாச்சுன்னு நாங்க சொல்லிருவோம்னு நானாவுக்குத் தெரியும். உப்புப் பாக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அது வேலையில்ல?" சட்டையை மடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னது: "ஒங்க மகன் மட்டும் லேசுல சாப்பிட மாட்டான். பொறகு ஒருநாள் ஒங்களோட பஜாருல பாத்தேனே, அந்த நொட்டாங்கைதானே ஒங்க மகன்? அவன் பங்க ஒரு டப்பாவுல போட்டு மூடிருவான். எங்கம்மாவுக்குன்னு சொல்லுவான். நானா திட்டுவாரு, மொதல்ல நீ தின்னுடா, அம்மாவுக்கு வேற தாரேன்னு."

சட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். நீலச் சட்டை. உனக்குக் கை கொஞ்சம் நீளம் என்றாய்.

நானா இறந்து மூன்று வருடமாகிறது. ஜனாஸாவுக்கு நீ அப்புத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாய். "நீங்களும் வாங்களேன்மா, அவர ஒங்களுக்குத் தெரியாட்டியும் பரவால்ல" என்றாய். ஆபீஸில் வேலை என்றேன். அவரிடம் இனி ஒன்றும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்ல முடியும், வியாழக்கிழமைக்கு முன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் சந்தேகப்படுவது என் தொழில், அதனால் சிலவற்றைச் சொல்கிறேன். உன் வகுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாரிடமும் சொல்லாதே. கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் அதைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நீ சமையல்காரன், டாக்டர் இல்லை. வாசலில் 'மனநலம்' என்று பேனர் கட்டாதே. அதைப் படித்துவிட்டு உள்ளே வர எந்தப் பிள்ளைக்கும் கால் வராது. சாப்பிடும்போது படம் எடுக்க வருகிறவர்களை, அவர்கள் யாராக இருந்தாலும், வெளியே உட்கார வை. பையன்களைப் பார்த்து லயத்துப் பெரியவர்கள் 'பொம்பளைச் சட்டி கழுவுறானுங்க' என்பார்கள். உன்னையும் உன் மாமா அப்படித்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. நீ வாயைத் திற. அரட்டையை நிறுத்தாதே. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய சில விஷயங்களை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதை நான் கண்ணால் பார்த்தேன், புரிந்துகொள்ள இத்தனை வருடமாயிற்று.

படிவத்தைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். 'வருகிறது' என்பதை 'வருகிறார்கள்' என்று மாற்றியிருக்கிறேன். ஏழையும் எட்டையும் அடித்துவிட்டேன். வேறொன்றும் மாற்ற வேண்டாம் என்று நீ சொன்னாய், மன்னித்துக்கொள். உதவி செய்கிறவர்கள் ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சாப்பிட்டாயா என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், கறி கொதிக்கும்போது கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல். உள்ளங்கையை எவ்வளவு குழித்து நீட்டுகிறது என்று பார். படிவத்தில் எழுத அதற்குக் கட்டம் கிடையாது, ஆனால் பார்த்தால் தெரியும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நான் ஹல்துமுல்லைக்கு வரலாமா? இது கேள்வி. இதற்கும் நம் வீட்டில் ஒரு பழகிய பதில் இருக்கிறது. 'என்னம்மா இதெல்லாம், பழைய கதை, வாங்க' என்பாய். நீ அப்படித்தான் வளர்ந்தாய், அப்படித்தான் வளர்த்தேன். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். கோபம் இருந்தால் வராதே என்று சொல், நான் வரமாட்டேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் சரி, ஒரு வருடம் கழித்துச் சொன்னாலும் சரி. வரச் சொன்னால், நாற்காலி வேண்டாம், நோட்டும் கொண்டுவரமாட்டேன், வெங்காயத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் போதும். அன்று காலையில் நான் சாப்பிட்டிருக்கமாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கரண்டியை நீட்டினால் கையை நீட்டுவேன், உப்புக் கூடவா குறையவா என்று உள்ளதைச் சொல்வேன்.

நீயும் இதைப் படித்துவிட்டு நல்லாருக்கு என்று மட்டும் சொல்லாதே.

அம்மா